ஒரு துளி சேஜ் எண்ணெய்

குரோவேஷியாவின் டால்மேஷியக் கடற்கரையில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் சாம்பல் பூத்த பச்சையாய் நிற்கிறது சேஜ் செடி. இலையைத் தடவினால் வெல்வெட். லென்ஸ் வைத்துப் பார்த்தால், அடர்ந்த நுண்மயிர்களுக்கு நடுவே மினுமினுக்கும் பொடிக் கொப்புளங்கள். எண்ணெய் ஊறுவது அவற்றில்தான். கசக்கினால் கொப்புளம் உடைந்து வாசம் கிளம்பும். துளசிக்கும் இதே சங்கதிதான். இரண்டும் ஒரே குடும்பம்.

அறுத்த இலையை வாலையில் திணித்து நீராவி விடுகிறார்கள். ஆவியோடு ஏறும் எண்ணெய் குளிர்ந்து நீரின் மேல் மிதக்கிறது. நூறு கிலோ காய்ந்த இலைக்கு ஒன்றிரண்டு கிலோ தேறும்.

அதில் ஒரு துளியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தலைமயிரைப் போல மெல்லிய துளையுள்ள முப்பது மீட்டர் குழாய்க்குள், துளியிலும் துளியாகச் செலுத்துகிறார்கள். அங்கே அது தன் கூறுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கான நேரத்தில் வெளியே வருகிறது. முக்கியமானவற்றில் முதலில் சினியோல், அதாவது நம் நீலகிரித் தைலத்தின் வாசம். அடுத்து துஜோன். பிறகு கற்பூரம்.

டால்மேஷிய எண்ணெயில் ஆல்பா துஜோன் மட்டும் 18 முதல் 43 சதவீதம் இருக்கவேண்டும் என்கிறது சர்வதேசத் தரநிலை. கிரேக்க சேஜில் சினியோல் கை ஓங்கியிருக்கும். ஸ்பெயின் சேஜில் துஜோன் இருப்பதே தெரியாது. காயவைத்துப் பொடித்த மூட்டையில் எந்த இலை என்று கண்ணுக்குப் பிடிபடாதபோது, எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். துஜோன் அளவு மீறினால் வலிப்பு வரும் என்பதால் இது வெறும் பெயர்ப் பிரச்சினை அல்ல.

ஆனால் வம்சம் சொல்ல இந்தச் சாட்சி போதாது. துஜோனும் கற்பூரமும் ஒரே தாய்ப்பொருளிலிருந்து பிறப்பவை. நொதி மாறினால் வாசமே மாறும். ஒரே செடியிலும் பருவத்துக்குப் பருவம் விகிதம் ஏறி இறங்கும். சூரியகாந்திக் குடும்பத்து மாசிபத்திரி வகைகள் சிலவற்றிலும் துஜோன் உண்டு, சேஜோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சேஜ் பூவில் இரண்டே மகரந்தத் தாள்கள் என்ற பழைய அடையாளமும் முழுசாகக் கைகொடுக்கவில்லை: அவற்றின் நெம்புகோல் போல அசையும் அமைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியே தோன்றியதை 2004-இல் மரபணு ஆய்வு காட்டியது. 2017-இல் இன்னொரு குழு, ரோஸ்மேரியையும் சேஜின் பேரினமான சால்வியாவுக்குள் கொண்டுவந்தது. நீலகிரித் தோட்டங்களில் வளரும் அதே ரோஸ்மேரிக்கு இப்போது தாவரவியல் பெயர் சால்வியா ரோஸ்மரினஸ்.