ஒரு ஜிபி போதுமா?

போன மாதம் எங்கள் அண்ணனைப் பற்றி நாலு பக்கம் எழுதி முடிக்கும் நேரத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. மௌஸை ஆட்டினாலும் அம்பு அசையவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். நாலு பக்கமும் போயே போச்சு. சேமிக்காமல் எழுதியது என் தப்புதான். இருந்தாலும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

என்னிடம் இருப்பது ராஸ்பெர்ரி பை 3. பேரன் கல்லூரி ப்ராஜெக்டுக்கு வாங்கி, வேலை முடிந்ததும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ரேஷன் ஸ்மார்ட் கார்டு அளவில் ஒரே பலகை. அதில்தான் மொத்தக் கம்ப்யூட்டரும் இருக்கிறது. பழைய டிவியில் மாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் நினைவகம், அதாவது ரேம், 1 ஜிபி.

ரேம் என்றால் என்ன என்று கேட்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழியில் சொல்லலாம். நூல் எவ்வளவு வேண்டுமானாலும் பரணில் கிடக்கும். அது மெமரி கார்டு. ஆனால் பாவு நீட்டத் தெரு வேண்டும். தெருவின் நீளம்தான் ரேம். தெரு குட்டையாக இருந்தால் பாதியைச் சுருட்டிப் பரணில் போட்டு, மீதியை விரித்து, மறுபடி சுருட்டி என்று மாரடிக்க வேண்டும். கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்கிறது. அப்போதுதான் திரை உறைகிறது.

அண்ணன் பேத்தி பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். சாயங்காலம் வந்து இந்தப் பலகையில்தான் உட்காருவாள். "சின்ன தாத்தா, பேசாம 8 ஜிபி போர்டு வாங்கிடுங்க" என்றாள். பென்ஷன்காரனிடம் சொல்வது சுலபம். எனக்கு அவள் தாத்தா ஞாபகம் வந்தது.

அண்ணன் கைத்தறி நெய்தவர். அவர் தறியின் மேல் இருந்தது 120 கொக்கி ஜக்கார்டு பெட்டி. அதை 240 கொக்கியாக மாற்ற வேண்டும் என்று ஒரு வருடம் யோசித்தார். 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார் உருவாக்கிய முறை அது. ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஒரு துளை அட்டை. துளை இருந்தால் அந்தக் கொக்கி பாவைத் தூக்கும், இல்லையென்றால் தூக்காது. உண்டு, இல்லை என்ற இரண்டே பதில். கம்ப்யூட்டர் பாஷையில் ஒரு பதில் ஒரு பிட், எட்டுப் பிட் ஒரு பைட். 120 கொக்கி அட்டை என்றால் 15 பைட், 240 என்றால் 30 பைட். இருநூறு அட்டை கோத்த ஒரு பூ பார்டர் 6,000 பைட். அண்ணன் வாங்க நினைத்தது நினைவகம்தான். அவருக்கு அது தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

கடன் வாங்கிப் பெட்டியை வாங்கிவிட்டார். வாங்கின பிறகுதான் அது கூரை முட்டும் என்று தெரிந்தது. ஓட்டைப் பிரித்து, உத்திரத்தை உயர்த்தினார்கள். பெட்டிக்கு ஆன செலவில் பாதி கூரைக்கு ஆயிற்று. இரண்டு வருடம் நல்ல பார்டர் சேலை நெய்தார். பிறகு ஊரே விசைத்தறி லுங்கிக்குப் போயிற்று. 240 கொக்கியும் பரண் ஏறியது. கடைசி வரைக்கும் அந்தப் பெட்டியை எடைக்குப் போட அவர் சம்மதிக்கவில்லை. போன மாதம் தொலைந்த நாலு பக்கமும் இதைப் பற்றித்தான்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே 8085 மைக்ரோபிராசசர் கிட் இருந்தது. அதுவும் ஒரே பலகைக் கம்ப்யூட்டர்தான். சென்னை வி மைக்ரோசிஸ்டம்ஸ் தயாரித்த மைக்ரோ-85 கிட்டில் படித்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் 4100 என்ற எண்ணை மறந்திருக்க மாட்டார்கள். புரோகிராம் எல்லாமே அந்த முகவரியிலிருந்துதான் ஆரம்பிக்கும். திரை கிடையாது. சிவப்பு எழுத்தில் ஒரு சின்ன டிஸ்ப்ளே, கால்குலேட்டர் மாதிரி பட்டன்கள். 8085க்கு மொத்தமே 64 கிலோபைட் வரைதான் எட்டும். பல கிட்டுகளில் ரேம் 8 கிலோபைட், பக்கத்தில் இன்னொரு சிப்புக்குக் காலி சாக்கெட்.

அந்தக் காலி சாக்கெட்டைப் பார்த்தாலே சிலருக்குக் கை ஊறும். எங்கள் துறைத் தலைவர் எல்லா கிட்டுக்கும் இன்னொரு 6264 சிப் வாங்கலாமா என்று கேட்டார். பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பெரிய புரோகிராமே நூறு பைட்டைத் தாண்டவில்லை. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் கரண்ட் போகும். நாற்பது நிமிடம் ஒவ்வொரு எண்ணாகத் தட்டியது ஒரு நொடியில் காலி. பிள்ளைகள் அழாத குறை. சிப் வேண்டாம் ஐயா, இருக்கிற ரேமுக்கு பேட்டரி போடுங்கள் என்றேன். போட்டார்கள். அந்த வருடம் லேபில் சாபம் குறைந்தது.

பள்ளிக்கூடங்களில் அந்தக் காலத்தில் வேறு கதை. 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டம் என்று தொடங்கி, முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் கொடுத்தது. இங்கிலாந்தில் ஏகார்ன் கம்பெனி 1981இல் கொண்டுவந்தது. அதில் மாடல் ஏ, மாடல் பி என இரண்டு. ஏ 16 கிலோபைட், 235 பவுண்டு. பி 32 கிலோபைட், 335 பவுண்டு. வெறும் நினைவகம் மட்டும் வித்தியாசமில்லை என்றாலும், ஆள் திணறுவது அதில்தான். படம் வரையும் நுணுக்கமான திரைக்கு 20 கிலோபைட் வேண்டும். ஏ மாடலில் அதைத் திறக்கவே முடியாது. பி மாடலில் திறக்கலாம். திறந்தால், கேசட் டேப் வைத்திருப்பவருக்குப் புரோகிராம் எழுத எட்டரை கிலோபைட் மிஞ்சும். டிஸ்க் மாட்டினால் அதுவும் ஆறுக்குக் கீழே போய்விடும். வெறும் எழுத்துத் திரை என்றால் 1 கிலோபைட்டோடு போயிற்று.

ஆனால் அந்தப் பலகையில் ஒரு நியாயம் இருந்தது. ஏ மாடல் வாங்கியவர் பணம் சேர்த்து, பிறகு எட்டு சிப் வாங்கிக் காலி சாக்கெட்டில் செருகினால் 32 கிலோபைட் ஆகிவிடும்.

ராஸ்பெர்ரி பைக்காரர்கள் அந்த பிபிசி மைக்ரோவின் நினைவாகத்தான் தங்கள் பலகைக்கும் மாடல் ஏ, மாடல் பி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வந்தது, சாக்கெட் வரவில்லை. 2012 பிப்ரவரி 29 அன்று வெளிவந்த முதல் மாடல் பி 35 டாலர், 256 எம்பி. நினைவக சிப்பை பிராசசர் தலைமேலேயே ஏற்றிப் பற்றவைத்திருந்தார்கள். கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. அதே அக்டோபர் 15 அன்று அதே 35 டாலருக்கு 512 எம்பி என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் வாங்கியவன் வயிறு எரிந்திருக்கும். 2015இல் பை 2 வந்தது, 1 ஜிபி. 2016இல் என்னுடைய பை 3, அதுவும் 1 ஜிபி. 2019இல் பை 4 வந்தபோதுதான் 1, 2, 4 என்று மூன்று அளவு வைத்து, 35, 45, 55 டாலர் என்று விலை போட்டார்கள். 2020இல் 8, 2025 ஜனவரியில் பை 5இல் 16 ஜிபி, 120 டாலர்.

அதுவரை வருடம் போகப் போக நினைவகம் மலிந்துகொண்டே வரும் என்பதுதான் நம் கணக்கு. பொறுத்திருந்தால் லாபம். அந்தக் கணக்கு 2025 டிசம்பர் 1 அன்று தலைகீழானது. ஏஐ கம்ப்யூட்டர் கிடங்குகள் உலகத்து நினைவக சிப்பையெல்லாம் உறிஞ்சுவதால் விலை ஏறிவிட்டது என்று சொல்லி, பை 5 பலகை 4 ஜிபியை 60இலிருந்து 70 டாலர், 8 ஜிபியை 80இலிருந்து 95, 16 ஜிபியை 145 ஆக்கினார்கள். கூடவே 45 டாலரில் 1 ஜிபி பை 5 ஒன்றையும் புதிதாக விட்டார்கள். பத்து வருடம் கழித்து உலகம் என் பலகை அளவுக்கே திரும்பி வந்திருக்கிறது!

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். லேபில் செய்தது போலவே முதலில் எண்ணிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். லினக்ஸில் 'ஃப்ரீ' என்று ஒரு கட்டளை உண்டு. தட்டினால் எவ்வளவு நினைவகம் செலவு, எவ்வளவு மிச்சம், எவ்வளவு கார்டுக்கு வழிந்திருக்கிறது என்று சொல்லும். நான் எழுதும் எடிட்டர் மட்டும் திறந்திருந்தால் பாதிக்கு மேல் மிச்சம். பிரவுசரில் இரண்டு பக்கம் திறந்தால் மிச்சம் இல்லை. பேத்தி வீடியோ பாடமும் திறந்தால் சுமார் 600 எம்பி கார்டில் வழிகிறது. திரை மூலையில் அவ்வப்போது ஒரு மஞ்சள் மின்னல் குறி வருமே, அது என்னவென்று இத்தனை நாள் கேட்காமலே விட்டிருந்தேன். மின்சாரம் போதவில்லை என்று பொருளாம். பழைய செல்போன் சார்ஜரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பலகைக்கு 2.5 ஆம்பியர் வேண்டும். சரியான சார்ஜர் மாற்றியதும் மின்னல் போயிற்று. உறைவது பாதி குறைந்தது. முழுக்க நிற்கவில்லை.

இன்னொரு கணக்கும் போட்டேன். யூனிகோட் தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். 'அம்மா' என்று எழுத 15 பைட் பிடிக்கும். அப்படிப் பார்த்தாலும் தொலைந்த நாலு பக்கம் 30 கிலோபைட்டைத் தாண்டாது. பிபிசி மைக்ரோவிலேயே கிட்டத்தட்ட அடங்கியிருக்கும். என் 1 ஜிபியில் அப்படி முப்பதாயிரம் கட்டுரை அடங்கும். ஆக எழுதுவதற்கு எனக்குப் புதுப் பலகை தேவையில்லை. பிரவுசருக்குள் எழுதாமல் எடிட்டரில் எழுதினால் போதும்.

பேத்திக்கு? அவளுடைய பாடத்தில் இந்த வருடம் சி++, அடுத்த வருடம் பைத்தான். இரண்டும் இதிலேயே ஓடும். ஓடாதது வீடியோ பாடமும் ஆன்லைன் தேர்வும். தேர்வு நடுவில் திரை உறைந்தால் என்னுடைய நாலு பக்கம் மாதிரி திரும்ப எழுத முடியாது. வழிந்ததையும் சேர்த்தால் அவளுக்கு 2 ஜிபி போதும். ஆனால் பின்னால் கூட்ட வழியில்லாத பலகையில் அளவெடுத்தாற்போல் வாங்குவதும் தப்பு. 4 ஜிபி என்று முடிவு செய்தேன். 8 கேட்டவளிடம் 'ஃப்ரீ' காட்டிய எண்களைக் காட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் எண்ணை ஒப்புக்கொண்டாள்.

பை 5 வாங்கலாம் என்று பார்த்தால் அதற்கு 27 வாட் சார்ஜர் வேறு, டிவிக்குச் செருக மைக்ரோ எச்டிஎம்ஐ ஒயர் வேறு, சூடு தணிக்கக் காற்றாடி வேறு. கூரையைப் பிரிக்கிற கதைதான். பேரன் நண்பன் ஒருவன் பெட்டி, சார்ஜர், ஒயர் எல்லாம் சேர்த்து பழைய பை 4, 4 ஜிபி பலகை தருவதாகச் சொன்னான். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறான். அது பேத்திக்கு.

என் 1 ஜிபி என்னிடமே இருக்கும். அண்ணனைப் பற்றிய கட்டுரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். கூரையைப் பிரித்த இடம் வரை வந்துவிட்டது. இந்த முறை பத்தி முடிந்ததும் சேமித்துவிட்டுத்தான் அடுத்த வரி. அடுத்த வாரம் இங்கே போடுகிறேன். பெட்டியின் போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறேன், பரணிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.