மறுப்புக்கு இடம் தந்தவர்கள்

திரைப்படம் முடிந்து அரங்கை விட்டு வெளியே வருகிறோம். உடன் வந்தவர் வாய் திறப்பதற்குள் நம்மிடம் ஒரு முடிவு தயாராக இருக்கிறது. அவர் அதை மறுக்கும்போதுதான், நாம் உண்மையில் எதைப் பார்த்தோம் என்று யோசிக்கத் தொடங்குகிறோம். திரை விமர்சனத்தின் வரலாற்றை இத்தகைய மறுப்புகளின் வரலாறாகவும் வாசிக்கலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய பாரிஸ் நகரம் அதற்கு நல்ல சான்று.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பாரிஸில் அமெரிக்கப் படங்களுக்குத் தடை இருந்தது. போர் முடிந்ததும் அவை மொத்தமாக வந்து குவிந்தன. ஊரெங்கும் திரைப்படச் சங்கங்கள் முளைத்தன. ஒருவர் படத்தை அறிமுகம் செய்வார், திரையிடல் நடக்கும், பிறகு விவாதம். 1918இல் பிறந்த ஆந்த்ரே பாஸான் இவ்விவாதங்களை நடத்தியவர்களுள் முதன்மையானவர். திக்குவாயின் காரணமாக அவருக்கு ஆசிரியர் பணி கைகூடவில்லை. அந்த மனிதர்தான் தொழிலாளர் கூட்டங்களிலும் மாணவர் மன்றங்களிலும் படங்களைப் பற்றி ஓயாமல் பேசினார்.

ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941) பாரிஸ் அரங்குகளுக்கு வந்து சேர்ந்தது 1946இல். அதற்கு முன்பே அமெரிக்காவில் அப்படத்தைப் பார்த்திருந்த தத்துவவாதி ழான் பால் சார்த்தர், 1945இல் அதைக் கடுமையாக விமர்சித்து எழுதியிருந்தார். எல்லாம் முடிந்துபோன கதையாகச் சொல்லப்படுகிறது. இது மக்களிடமிருந்து விலகி நிற்கும் அறிவுஜீவியின் படைப்பு. பின்பற்றத்தக்க முன்மாதிரி அன்று என்பது அவர் வாதம். அன்றைய பிரான்சில் சார்த்தரின் சொல்லுக்கு இருந்த எடையை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாஸான் அதற்கு மறுப்பு எழுதினார். சூசன் தற்கொலைக்கு முயலும் காட்சியை எடுத்துக்கொண்டார். திரையின் முன்பகுதியில் பெரிதாக ஒரு கண்ணாடிக் குவளை. நடுவே, இருளில், படுக்கையில் மூச்சுத்திணறும் பெண். தொலைவில் தட்டப்படும் கதவு. மற்றொரு இயக்குநர் இதை ஐந்தாறு துண்டுகளாக வெட்டி, எதை எப்போது பார்க்க வேண்டும் என்று நமக்குக் கட்டளையிட்டிருப்பார். வெல்ஸ் எல்லாவற்றையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்துப் பார்வையாளனின் கண்ணுக்கு வேலை கொடுக்கிறார் என்றார் பாஸான். படம் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்னும் தளத்திலிருந்து 'எப்படிப் பார்க்கிறோம்' என்னும் கேள்விக்கு விவாதம் நகர்ந்தது.

இக்கட்டுரை 1947 பிப்ரவரியில் வெளிவந்தது. வெளியிட்ட இதழ் 'லெ தாம் மொதேர்ன்'. அதை நடத்தியவர் சார்த்தர்!

1948இல் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் பாஸானைத் தேடி வந்தான். அவனும் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கியிருந்தான். இரு சங்கங்களின் திரையிடல்களும் ஒரே நேரத்தில் நடப்பதால் தனக்குக் கூட்டம் சேரவில்லை, நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று முறையிட்டான். ஃப்ரான்சுவா த்ரூஃபோ என்பது அவன் பெயர். அச்சங்கம் அவனைக் கடனில் தள்ளியது. தந்தையே காவல்துறையிடம் ஒப்படைக்க, சிறார் காப்பகத்தில் அடைபட்டான். அவனை மீட்கப் பாடுபட்டு, தன்னிடமே வேலையும் தந்தவர் பாஸான். பின்னர் த்ரூஃபோ இராணுவத்திலிருந்து ஓடிப்போய்ச் சிக்கலுக்குள்ளானபோதும் துணை நின்றவர் அவரே.

1951இல் பாஸானும் நண்பர்களும் 'கையே து சினிமா' இதழைத் தொடங்கினர். 1954 ஜனவரி இதழில் த்ரூஃபோ, அன்றைய பிரெஞ்சு சினிமாவின் 'தரமான மரபு' என்று மதிக்கப்பட்டதைக் கடுமையாகத் தாக்கினார். இலக்கியத்தைத் தழுவித் திரைக்கதை எழுதிய ழான் ஒரான்ஷும் பியேர் போஸ்ட்டும் அவரது முக்கிய இலக்குகள். தயக்கங்களுக்கும் தாமதத்துக்கும் பிறகே அக்கட்டுரை அச்சேறியது. ஆயினும் அச்சேறியது.

அவ்விதழில் இன்னொரு பகுதியும் இடம்பெறலாயிற்று: 'பத்துப் பேர் மன்றம்'. மாதந்தோறும் வெளியான படங்களுக்குப் பத்து விமர்சகர்கள் இட்ட மதிப்பீடுகள் அட்டவணையாக வரும். கரும்புள்ளி என்றால் போகவே வேண்டாம். நான்கு நட்சத்திரம் என்றால் மகத்தான படைப்பு. ஒரே படத்துக்கு ஒருவர் நான்கு நட்சத்திரமும் அடுத்தவர் கரும்புள்ளியும் இட்டிருப்பதைக் கண்ட வாசகன், இவர்கள் ஏன் இப்படிப் பிரிகிறார்கள் என்று கேட்டுக்கொண்டான். பத்தையும் கூட்டி வகுத்து ஒற்றை எண்ணாக்கியிருந்தால் அக்கேள்வியே எழுந்திருக்காது. சராசரி யாருடைய கருத்தும் அன்று.

இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்ற கொள்கையை இளைஞர்கள் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். மகத்தான இயக்குநரின் சுமாரான படமும் அவர்களுக்கு மகத்தானதே. 1957 ஏப்ரல் இதழில் பாஸான் தம் சொந்தக் கூட்டத்தையே மறுத்து எழுதினார். ஆசிரியன் இருக்கிறான், சரி. அவன் எதைப் படைத்தான் என்பதைக் கேட்க வேண்டாமா? படைப்பை மறந்து படைத்தவனை மட்டும் கொண்டாடுவது தனிநபர் வழிபாடாகிவிடும் என்று எச்சரித்தார். பத்தாண்டுகளுக்கு முன் வெல்ஸுக்காக வாதாடியவர், இப்போது வெல்ஸின் பெயரால் எதையும் ஏற்றுக்கொள்வோரிடம் வாதாடினார். நட்பு முறியவில்லை.

1958 கான் திரைப்பட விழா, கடுமையாக எழுதிய குற்றத்துக்காக த்ரூஃபோவுக்கு அழைப்பு மறுத்தது. அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள் அவர் தம் முதல் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார். மறுநாள், இரத்தப் புற்றுநோயால், நாற்பதே வயதில் பாஸான் மறைந்தார். '400 அடிகள்' என்ற அப்படம் பாஸானின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 1959இல் அதே கான் விழாவில் அது த்ரூஃபோவுக்குச் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றுத் தந்தது.

கருத்துகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. நம்மை மறுப்பவருக்கு நம் பக்கங்களிலேயே இடம் தரும் மனம்தான் அரிது. சார்த்தரின் இதழில் பாஸானும் பாஸானின் இதழில் த்ரூஃபோவும் எழுத முடிந்த அந்தப் பத்தாண்டுகள், ஒரு புதிய சினிமா பிறக்கக் காரணமாயின.