களத்தில் எதிர்ப்பு: பல்வாங்கர் சகோதரர்கள் காட்டிய வழி

2018 முதல் புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பையில் ஆடி வருகிறது. அவ்வணியில் இடம்பெற விழையும் ஒடுக்கப்பட்ட இளைஞர்களுக்கும் 'விளையாட்டில் அரசியல் கூடாது' என்ற அறிவுரை வந்து சேரும். இந்தியக் கிரிக்கெட்டின் வரலாறோ அவ்வறிவுரையை மறுக்கிறது.

சமார் சமூகத்தில் பிறந்த பல்வாங்கர் பாலு, 1911ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும், பூனாவில் அவருக்குத் தேநீர் தனிக் குவளையில் வெளியே வைத்தே தரப்பட்டது. பம்பாய் நாற்கோணப் போட்டியில் ஆடிய இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பும் மறுக்கப்பட்டது. 1920இல் பாலு நீக்கப்பட்டார். தம்பி விட்டலின் தலைமைத் தகுதியும் புறக்கணிக்கப்பட்டது. விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகிப் பகிரங்கமாக அறிக்கை விடுத்தனர். இறுதியாட்டத்திற்குப் பாலு துணைத்தலைவராக அழைக்கப்பட்டார். 1923இல் விட்டல் அணித்தலைவரானார்.

ஒலிம்பிக் சாசனத்தின் 50ஆம் விதி, போட்டிக் களத்தில் அரசியல் எதிர்ப்பைத் தடுக்கிறது. ஆனால் 2021 டோக்கியோ அரையிறுதித் தோல்விக்குப் பின், ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டுமுன் எழுந்த சாதி வசையை அவ்விதி எட்டாது.

ஆட்டத்தின் நடுவே எதையும் முழங்கலாம் என்று நாம் வாதிடவில்லை. இழிவு தொடரும் அணியில் ஆட மறுப்பதும், அதன் காரணத்தை வெளிப்படையாகச் சொல்வதும் வீரரின் உரிமை என்கிறோம். சாதி முன்பே களத்தில் நிற்கையில், எதிர்ப்பை மட்டும் வெளியேற்றுவது நடுநிலையாகாது.