சேமவச்சும் காதக்கல்லும்

பெருவழிகளின் வரலாறு பெரும்பாலும் அரசர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வழிகளில் சுமையேற்றிச் சென்றவர்கள் தம் பயணத்தை எவ்வாறு அளந்தனர் என்று நாம் கேட்பது குறைவு. அதியமான்களின் தகடூர், அதாவது இன்றைய தருமபுரிப் பகுதி, இக்கேள்விக்கு இரு விடைகளைத் தருகிறது.

முதலாவது தொலைவு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'அதியமான் பெருவழி'க் கற்கள் இரண்டு இங்கே கிடைத்துள்ளன. நாவற்றாவளத்துக்கு 27 காதம் என்கிறது ஒன்று. 29 காதம் என்கிறது மற்றொன்று. எண்ணுடன் குழிகளும் உள்ளன: பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறிக்கும். எழுத்தறியாத வழிப்போக்கரும் தொலைவை அறிய இவை உதவின.

இரண்டாவது அளவை அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உமணரின் உப்பு வண்டியை உவமையாக்குகிறார். எருதுகள் இளையவை, பாரமோ மிகுதி, வழியில் மேடு வருமா பள்ளம் வருமா என யாரறிவார்? ஆகவே அச்சின் கீழ் மற்றோர் அச்சைக் கட்டிச் செல்கின்றனர். அதுவே சேமவச்சு. தொலைவு தெரிந்தாலும் பயணம் உறுதியாகிவிடாது என்பதை உமணர் அறிந்திருந்தனர்.

இன்றைய சரக்குப் போக்குவரத்து ஆய்வும் இவ்வறிவையே கணக்காக்குகிறது. அமெரிக்கக் கூட்டரசு 2017இல் வகுத்த விதிப்படி, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து லாரிப் பயணங்கள் முடிந்துவிடும் நேரத்தை, பாதிப் பயணங்கள் முடியும் நேரத்தால் வகுக்கின்றனர். ஈவு மிக மிக, கையிருப்பாக ஒதுக்கவேண்டிய நேரமும் மிகும். இதனை நேரத்தாலான சேமவச்சு எனலாம்.

நம் நாட்டில் 2018இல் நடைமுறைக்கு வந்த மின்வழிச்சீட்டு, சாதாரணச் சரக்குக்கு 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று தவணை தருகிறது. தாமதம் நேர்ந்தால் நீட்டிப்புக் கோரலாம். எனினும் அடிப்படை அளவை காதக்கல்லின் அளவையே. சமவெளிச் சாலைக்கும், லாரி விபத்துகளுக்குப் பெயர்பெற்ற தொப்பூர்க் கணவாய் இறக்கத்துக்கும் அதில் வேறுபாடு இல்லை. அந்த வேறுபாட்டைச் சுமப்பவர் ஓட்டுநரே. தவணைக்குள் சேரவேண்டிய அவசரம் இறக்கத்தில் அவர் காலடியில் வந்து நிற்கிறது.

தொப்பூரும் தகடூர் நாட்டு வழியிலேயே இருக்கிறது. அங்கே சாலையை அளக்க முனைவோர் காதத்தோடு சேமவச்சையும் எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.