பொன்வட்டிலும் பொலியூட்டும்

கூரம் என்றவுடன் வைணவ அன்பர்களுக்குக் கூரத்தாழ்வானின் பொன்வட்டில் நினைவுக்கு வரும். பெருஞ்செல்வத்தைத் துறந்து, இராமானுசரை நாடித் திருவரங்கம் புறப்பட்ட ஆழ்வானுடன் அவர் துணைவியார் ஆண்டாளும் காட்டுவழி நடந்தார். "வழியில் பயமுண்டோ?" என்று அம்மையார் வினவ, "மடியில் கனமிருந்தால் அன்றோ வழியில் பயம்" என்றார் ஆழ்வான். கணவர் உணவருந்தவென்று எடுத்து வந்த பொன்வட்டிலை அம்மையார் காட்டினார். ஆழ்வான் அதை வாங்கிக் காட்டிலே வீசிவிட்டார் என்பது குருபரம்பரை வழங்கும் செய்தி.

பொன்னைப் பாதுகாக்க இதனினும் எளிய வழி இல்லைதான். ஆனால் நம்மைப் போன்றோர்க்கு இயலுமா? சேமிப்பை எங்கே வைப்பது, அது வளரவும் வேண்டும், தொலையவும் கூடாது என்ற கவலை இணையவழி வங்கிக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும் இன்றைய தலைமுறைக்கு மட்டும் உரியதன்று. கூரத்திலும் அதை அடுத்த காஞ்சியிலும் அதற்குச் செம்பில் எழுதிய விடைகள் கிடைத்துள்ளன.

முதல் விடை ஏழாம் நூற்றாண்டினது. முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவரின் கூரம் செப்பேடு, அவ்வூரில் எழுந்த வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகத்திற்குப் பரமேசுவரமங்கலம் என்ற ஊரை அளித்ததைப் பதிவு செய்கிறது. ஊர் 25 பங்காகப் பிரிக்கப்பட்டது. கோயில் வழிபாட்டுக்கும் புதுப்பித்தலுக்கும் 3 பங்கு, மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும் ஒன்று, அங்கே பாரதம் வாசிப்பதற்கு ஒன்று. எஞ்சிய 20 பங்கு மறையவர்க்கு. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டப்பட்டதும் அதிலேயே வருகிறது. முதலீடு நிலம், வருவாய் விளைச்சல். நிலத்தை எவரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. எனினும் ஆறு வற்றினால் அறமும் வற்றும்.

சோழர் காலத்தில் பொன் முதலீடு பெருகுகிறது. ஒரு விளக்கெரிக்கவோ திருவிழா நடத்தவோ விரும்புபவர் பொன்னை ஒரு குழுவிடம் கொடுப்பார். முதல் அழியாமல் அதன் பொலிசை, அதாவது வட்டி, ஆண்டுதோறும் கோயிலுக்குச் சேரும். இதற்குப் பொலியூட்டு என்று பெயர். (பொலிதல் என்றால் பெருகுதல். வட்டிக்கு இவ்வளவு மங்கலமான சொல்லை நாம் ஏன் இழந்தோமோ!) இராசராசரின் தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை பேசப்படுகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டரை! இன்றைய வங்கி விளம்பரம் எதிலேனும் இவ்விகிதத்தைக் கண்டால் நாம் ஐயுறவே செய்வோம்.

அவர்கள் ஐயுறவில்லையா? ஐயுற்றார்கள் என்றே கருத இடமுண்டு. சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தம சோழரின் 16-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு காஞ்சி ஊரகத்துத் திருமால் கோயிலின் அறக்கட்டளைகளைப் பற்றியது. அக்கோயிலின் பொன் அரண்மனைக் கருவூலத்தில் வைக்கப்படவில்லை. நகரத்துச் சேரிகளில் வாழ்ந்தோரிடம் பொலிசைக்கு விடப்பட்டது. கோயில் நிருவாகத்தைக் கவனித்தவர்கள் பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளர்கள். சித்திரைத் திருவிழா முடிந்ததும் கணக்குத் தணிக்கை செய்யப்பட வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. தறியும் வீடும் தெருவும் உடையவர்கள். நாளும் கோயிலில் முகம் காட்ட வேண்டியவர்கள். விளக்கு ஒருநாள் அணைந்தால் ஊரே அறியும்! வட்டி விகிதத்தைவிட இந்த ஏற்பாடே என்னை வியக்க வைக்கிறது. அண்மையிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகரின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலையிலிருந்தே விலக்குகின்றன.

இம்முறையைப் பொற்காலமாக்கிவிடவும் வேண்டாம். பொலிசை கட்ட இயலாத சபைகள் நிலத்தைக் கோயிலுக்கு எழுதிக்கொடுத்த செய்திகளும் கல்வெட்டுகளில் உள்ளன. கொடுத்தவர் தம் முதலைத் திரும்பக் கேட்கவும் முடியாது. அது அறம், சேமிப்பன்று.

சேமிப்பாளரின் துயரத்தை அறியச் சென்னைக்கு வரவேண்டும். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்தபோது, வெள்ளையர் நிறுவனம் என்ற பெயரை நம்பிப் பணம் போட்டிருந்த எண்ணற்ற குடும்பங்கள் நிலைகுலைந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். ஆயினும் சிறைத்தண்டனை எவருடைய முதலையும் மீட்டுத் தரவில்லை. வீழ்ச்சியின் மறுவிளைவாக 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே காஞ்சிபுரம் மீண்டும் தன் பழைய வழிக்குத் திரும்பியிருந்தது. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்கீழ் இந்தியாவின் முதல் நகர்ப்புறக் கூட்டுறவுக் கடன் சங்கம் அவ்வாண்டு அக்டோபரில் பதிவானது காஞ்சிபுரத்தில்தான். ஒருவரையொருவர் அறிந்தவர்கள் கூடிப் பணத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பது! பட்டசாலிகளின் ஏற்பாட்டிற்கும் இதற்கும் நேர்த்தொடர்ச்சி உண்டென்று நான் சொல்லவில்லை. ஆயினும் அந்நகரத்தில் அது நிகழ்ந்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இணையவழிக் கணக்கில் அண்டைவீட்டாரின் கண்காணிப்பு இல்லை. அவ்விடத்தில் நிற்பது வைப்புக் காப்பீடு. 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி முறிந்தபின், 1962-இல் 1,500 ரூபாய் வரம்புடன் அது தொடங்கிற்று. 2020-இல் 5 லட்சமாயிற்று. ஒரு வங்கியில் ஒருவருக்குள்ள எல்லா வைப்புகளும் அவற்றின் வட்டியும் சேர்ந்தே அவ்வரம்பு. காப்பீடு பெற்ற கூட்டுறவு வங்கிகளும் சிறுநிதி வங்கிகளும் இதில் அடங்கும். நிதி நிறுவனங்களும் 'நிதி' என்று பெயர் தாங்கிய பரஸ்பர சகாய நிறுவனங்களும் அடங்கா. கூடுதல் வட்டி தரும் சிறுநிதி வங்கி ஒன்றைத் தேர்பவர் முதலும் வட்டியுமாக அந்த 5 லட்சத்தைத் தாண்டாமல் வைத்து, மிச்சத்தை வேறொரு வங்கியில் பிரித்து வைக்கலாம். கூரத்துச் செப்பேட்டில் ஓர் ஊரையே 25 பங்காகப் பிரித்தார்கள். நமக்கு இரண்டு மூன்று பங்கு போதும்.