நிமிர்ந்து நிற்கும் எழுத்து

எழுத்துச் செல்லும் முறையை மொழி மட்டும் தீர்மானிப்பதில்லை; எழுதப்படும் பொருளும் தீர்மானிக்கின்றது. பனையோலை நீண்டு கிடந்தது. தமிழ் வரியும் அதன்மேல் நெடிது ஓடிற்று. கல் குறுகி நிமிர்ந்து நின்றது. அங்கே வரி குறுகி, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிற்று. சொல் முடியுமுன் கல்லின் விளிம்பு வந்துவிடின், எஞ்சிய பகுதி அடுத்த வரியிற் புகுந்தது.

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய், பெருங்குளத்தால் மட்டுமன்றிக் கற்சாசனங்களாலும் புகழ்பெற்ற ஊர். அதன் அயலிலுள்ள பாலமோட்டையிற் கிடைத்த தமிழ்ச் சாசனம், முதலாம் விசயபாகு மன்னனது 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அக்காலத்திற் கந்தளாய்க்கு விசயராச சதுர்வேதிமங்கலம் என்ற பெயரும் வழங்கியதை அஃது உணர்த்துகின்றது. பிராமணப் பெண்மணி ஒருவர் சிவாலயத்துக்கு அளித்த கொடையையும், அதன் காவல் வேளைக்காரப் படையினரிடம் விடப்பட்டதையும் கூறுகின்றது. அதன் வரிகளும் இடமிருந்து வலமாகவே செல்கின்றன.

எழுத்தையே மேலிருந்து கீழாக இறக்கும் மரபு சீனருடையது. இவ்விரு மரபும் ஒரே கல்லிற் சந்தித்த இடங்களுள் இலங்கையும் ஒன்று. கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய மும்மொழிச் சாசனம் 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையிற் பாதுகாக்கப்படுகின்றது. அதன் வலப்புறத்தே சீனம் மேலிருந்து கீழாக இறங்குகின்றது. இடப்புறத்தின் மேற்பகுதியில் தமிழ் இடமிருந்து வலமாகவும், அதன்கீழ்ப் பாரசீகம் வலமிருந்து இடமாகவும் செல்கின்றன. ஒரு மொழிக்காக மற்றொன்று தன் நடையை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்று கல்லின் இடத்தைக் கணினித் திரையும், உளியின் இடத்தைச் செய்நிரலும் பெற்றுள்ளன. படமொன்றின் ஓரத்தில் ஊர்ப்பெயரை நெடுக்காக எழுத இரு வழிகள் உண்டு. பெயரைத் தனித்தாளில் வழக்கம்போல் எழுதி, தாளைத் தொண்ணூறு பாகை திருப்பிப் படத்தில் ஒட்டுவது ஒன்று. இதில் எழுத்துச் சிதையாது; படிப்பவர் கழுத்தைச் சாய்த்தல் வேண்டும். எழுத்துக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது மற்றொன்று. இடர் இங்கேதான் உள்ளது.

சீன எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்துள் அடங்கும். தமிழிலோ கால் வலப்புறமும், கொம்பு இடப்புறமும், புள்ளி தலைமேலும் அமையும். கந்தளாய் என்பதில் ஐந்து எழுத்துக்கள் உள்ளன எனச் சிறுவரும் எண்ணிச் சொல்வர். ஆனால் 1991இல் வெளிவந்த ஒருங்குறி முறையில் அதே பெயர் எட்டுக் குறிகளாகப் பதிவாகின்றது. புள்ளியும் காலும் அங்கே தனிக்குறிகள். அறியாத நிரல் அவ்வெட்டையும் எட்டு வரிகளாக அடுக்கும். நகரத்தை விட்டுப் புள்ளி விழும்; ளகரத்தை விட்டுக் கால் விலகி அநாதையாக நிற்கும்.

இதற்கு மருந்து எளிது. மெய் புள்ளியோடு கூடியே நிற்கும் என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம். உயிர்க்குறியையும் புள்ளியையும் அவை சாரும் எழுத்தோடு சேர்த்து ஓர் அலகாகக் கொள்க என நிரலுக்குக் கற்பித்தல் வேண்டும். அதன்பின் க, ந், த, ளா, ய் என ஐந்து படிகளிற் பெயர் செம்மையாக இறங்கும்.

கற்றச்சன் தவறினால் ஒரு கல்லே பிழைபடும். நிரல் தவறினாலோ, அதனால் எழுதப்படும் பலகை ஒவ்வொன்றிலும் ஊரின் பெயர் பிழைபடும்.