உள்வைப்புகளில் கிருமித்தொற்று: உடலின் எதிர்ப்பாற்றலுக்குத் துணைநிற்கும் உயிரிப்பொருள்கள்

செயற்கை மூட்டு, எலும்பு முறிவுக்கான தகடு, பேஸ்மேக்கர், செயற்கை இதய வால்வு போன்று உடலினுள் பொருத்தப்படும் கருவிகள் இம்ப்ளாண்ட் அல்லது உள்வைப்பு எனப்படுகின்றன. டைட்டானியம், பீங்கான், பாலிமர் முதலிய, உடல் ஏற்றுக்கொள்ளும் உயிரிப்பொருள்களால் இவை செய்யப்படுகின்றன. பெரும்பாலோருக்கு இவை பல ஆண்டுகள் தொல்லையின்றிப் பயன்படுகின்றன. எனினும், முதன்முறை இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் அல்லது இருவருக்கு, பொருத்திய மூட்டில் கிருமித்தொற்று ஏற்படுகிறது. அதனைக் குணப்படுத்த மீண்டும் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

கிருமியை மருந்தால் மட்டும் அழிக்காமல், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தையே அதனை எதிர்க்கச் செய்யும் உயிரிப்பொருள்கள் இன்று ஆராயப்பட்டு வருகின்றன. அவை எவ்வாறு செயல்படுகின்றன, இன்று எந்நிலையில் உள்ளன, நீங்கள் செய்ய வேண்டியவை எவை என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

உள்வைப்பில் தொற்று எளிதில் ஏற்படுவது ஏன்?

இங்கிலாந்தில் எலெக், கோனன் ஆகிய ஆய்வாளர்கள் 1957-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. தன்னார்வலர்களின் தோலில் சீழ் உண்டாக்கப் பல இலட்சக்கணக்கான ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது, ஏறத்தாழ நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. உடலுக்கு அயலான ஒரு பொருள் அவ்விடத்தின் தற்காப்பை எவ்வளவு குறைக்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

உள்வைப்பைப் பொருத்திய உடனேயே அதன் மேற்பரப்பைச் சென்றடைய உடலின் செல்களும் கிருமிகளும் போட்டியிடுகின்றன. அமெரிக்க மருத்துவர் அந்தோணி கிரிஸ்டினா 1987-இல் இதனை ‘மேற்பரப்புக்கான ஓட்டப் பந்தயம்’ என வர்ணித்தார். உடலின் செல்கள் முந்திக்கொண்டால் உள்வைப்பு திசுவுடன் ஒன்றிவிடுகிறது. கிருமிகள் முந்திக்கொண்டால், அவை மேற்பரப்பில் ஒட்டி, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஓர் உறையை உண்டாக்கிக்கொள்கின்றன. இவ்வுறை உயிரிப்படலம் எனப்படும். படலத்தினுள் வாழும் கிருமிகளை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளாலும் வெள்ளையணுக்களாலும் எளிதில் அழிக்க இயலாது.

எதிர்ப்பு மண்டலம் தடுமாறுவது எவ்வாறு?

கிருமி நுழைந்தவுடன் முதலில் வந்து சேர்பவை நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள். அவற்றைத் தொடர்ந்து, கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் வருகின்றன. உள்வைப்பின் அருகில் இவ்விரு பணிகளும் தடைப்படுகின்றன.

• விழுங்க இயலாத அளவிற்குப் பெரிய பொருளை எதிர்கொள்ளும் செல்கள் தம் ஆற்றலை வீணே செலவிடுகின்றன. அயற்பொருளின் அருகிலிருந்து எடுத்த நியூட்ரோபில்களின் கிருமி கொல்லும் திறன் குறைந்திருந்ததை 1984-இல் வெளியான விலங்கு ஆய்வு காட்டியது.
• ஸ்டெஃபைலோகாக்கஸ் உயிரிப்படலம் மேக்ரோஃபேஜ் செல்களைப் போரிடும் நிலையிலிருந்து அமைதி நிலைக்குத் திருப்பிவிடுகிறது. இதனால் கிருமி நீண்ட காலம் மறைந்து வாழ முடிகிறது.

இன்று பயன்பாட்டில் உள்ளவை

மூட்டைப் பொருத்தும் எலும்புச் சிமெண்டில் ஜென்டாமைசின் மருந்தைக் கலக்கும் முறை ஜெர்மனியில் 1970-இல் அறிமுகமானது. அது இன்றும் வழக்கில் உள்ளது. பேஸ்மேக்கர் போன்ற இதயக் கருவிகளைச் சுற்றி வைக்கப்படும், மருந்து தோய்ந்த, உடலில் கரையும் வலையுறையும் உண்டு. தொற்று வாய்ப்பு மிகுந்த ஏறத்தாழ 7,000 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், கடுமையான தொற்று ஓராண்டிற்குள் 1.2 சதவீதத்திலிருந்து 0.7 சதவீதமாகக் குறைந்தது.

இவை பயனுள்ளவை. ஆயினும் இவற்றில் உள்ள மருந்து சில நாட்களிலோ வாரங்களிலோ தீர்ந்துவிடுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளிடம் இவை பலனளிப்பதில்லை. ஆகவேதான் ஆய்வாளர்கள் உடலின் எதிர்ப்பாற்றலை நாடுகின்றனர்.

புதிய உயிரிப்பொருள்கள் செயல்படும் வழிகள்

1. மேற்பரப்பின் அமைப்பு: டைட்டானியத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்களையோ மேடு பள்ளங்களையோ உண்டாக்கும்போது, கிருமி ஒட்டுவது குறையலாம். மேக்ரோஃபேஜ் செல்களின் நடத்தையும் மேற்பரப்பின் அமைப்பிற்கேற்ப மாறுகிறது.

2. உலோக அயனிகள்: பூச்சிலிருந்து மெல்ல வெளிவரும் துத்தநாகம், தாமிரம் போன்றவற்றின் அயனிகள் கிருமிகளைத் தாக்குவதோடு எதிர்ப்புச் செல்களையும் தூண்டுகின்றன. மெக்னீசியம் அழற்சியைத் தணித்து எலும்பு வளர்ச்சிக்கு உதவுகிறது.

3. சமிக்ஞைப் புரதங்கள்: எதிர்ப்புச் செல்கள் ஒன்றையொன்று அழைக்கப் பயன்படுத்தும் இன்டர்லூக்கின்-12 போன்ற புரதங்களை உள்வைப்பின் பூச்சில் சேர்க்கும் முறை விலங்குகளிடம் சோதிக்கப்பட்டுள்ளது. வெள்ளையணுக்களைத் தேவையான இடத்தில் விழிப்பாக வைத்திருப்பதே இதன் நோக்கம்.

4. தடுப்பூசியாகும் உயிரிப்பொருள்: அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைஸ் நிறுவன ஆய்வாளர்கள், நுண்துளைகள் கொண்ட சிலிக்கா இழைகளில் கிருமியின் பகுதிகளையும் எதிர்ப்புச் செல்களை ஈர்க்கும் பொருள்களையும் ஏற்றித் தோலடியில் செலுத்தும் தடுப்பூசியை உருவாக்கியுள்ளனர். செல்கள் இந்த இழைகளுக்கு இடையே வந்து கிருமியை அடையாளம் காணப் பயிற்சி பெறுகின்றன. எலும்பில் பொருத்தப்பட்ட கருவியில் ஏற்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் தொற்றுக்கு எதிராக இம்முறை எலிகளிடம் நற்பயன் தந்துள்ளது.

இவை ஏன் இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை?

எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது எப்போதும் நன்மை தரும் என்று கொள்ளக் கூடாது. அழற்சி நீடித்தால் உள்வைப்பைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்து, கருவி தளர்ந்துவிடக்கூடும். ஆகவே இவ்வுயிரிப்பொருள் முதலில் எதிர்ப்பை எழுப்பவும், கிருமி அகன்றபின் அதனை அடக்கி, காயம் ஆற வழிவிடவும் வேண்டும்.

முந்தைய அனுபவம் ஒன்றும் எச்சரிக்கையாக உள்ளது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிக்கு எதிரான வி710 என்னும் தடுப்பூசி, இதய மற்றும் மார்பு அறுவைச் சிகிச்சைக்குச் செல்லவிருந்த ஏறத்தாழ 8,000 பேரிடம் சோதிக்கப்பட்டது. அது தொற்றைக் குறைக்கவில்லை. தொற்று ஏற்பட்டவர்களுள், தடுப்பூசி பெற்றிருந்தோரிடையே இறப்பு அதிகமாக இருந்தது. 2011-இல் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. விலங்குகளிடம் வெற்றி பெற்ற ஒரு முறை மனிதரிடம் பாதுகாப்பானது என்பதை முறையான ஆய்வே உறுதிசெய்ய முடியும்.

ஆகவே ‘எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்ப்ளாண்ட்’ என்று யாரேனும் கூடுதல் கட்டணம் கோரினால், அது மனிதரிடம் சோதிக்கப்பட்டதா, ஒப்புதல் பெற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவதாக விற்கப்படும் மாத்திரைகளும் பொடிகளும் உள்வைப்புத் தொற்றைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அறுவைச் சிகிச்சைக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை

• நீரிழிவு இருந்தால் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.
• புகைப்பழக்கத்தை நிறுத்துங்கள். புகைபிடிப்பது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.
• தோலில் புண், பல்லில் சீழ், சிறுநீர் எரிச்சல் இருந்தால் முன்னரே தெரிவியுங்கள்.
• முடக்குவாதம் போன்றவற்றுக்காக எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவரானால் அதனைக் கூறுங்கள். அம்மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
• சிலரது மூக்கினுள் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி நோயின்றி வாழ்கிறது. அதற்கான பரிசோதனையும் களிம்பும் உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள்.

எச்சரிக்கை அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டால், தாமதமின்றி அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரை அணுகுங்கள்.

• காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் கசிதல்
• சிவப்பு, வெப்பம், வீக்கம் குறையாமல் கூடுதல்
• காய்ச்சல் அல்லது குளிர்நடுக்கம்
• நன்றாக இருந்த மூட்டில் புதிதாக வலி தோன்றுதல்
• கருவி தளர்ந்தது போன்ற உணர்வு

காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று கருத வேண்டாம். மெல்ல வளரும் கிருமிகள் பல மாதங்கள் கழித்தும் வலியாக மட்டுமே வெளிப்படலாம். காயத்தின் மீது எண்ணெய், மஞ்சள் போன்ற எதனையும் பூசாதீர்கள்.

மருந்துக் கடையில் நீங்களாக நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து வாங்கி உட்கொள்ளாதீர்கள். அம்மருந்து கிருமியைத் தற்காலிகமாக ஒடுக்கி, பரிசோதனையில் அது தென்படாமல் செய்துவிடும். எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால், சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பது கடினமாகும்.

தொற்று உறுதியானால்

தொற்று விரைவில் கண்டறியப்பட்டால், காயத்தைத் திறந்து தூய்மைப்படுத்தி, மாற்றக்கூடிய பகுதிகளை மட்டும் மாற்றி, உள்வைப்பைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. உயிரிப்படலம் முதிர்ந்துவிட்டால், உள்வைப்பை அகற்றிப் புதியதைப் பொருத்த நேரிடும். இது சிலருக்கு ஒரே அறுவையில் முடியும். சிலருக்கு இடையில் சில வாரங்களோ மாதங்களோ மருந்து கலந்த தற்காலிக மூட்டு வைக்கப்படும். இருவகையிலும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை மருத்துவர் கூறும் காலம் முழுவதும் உட்கொள்ள வேண்டும்.

பராமரிப்பாளர்களுக்கு

அறுவைச் சிகிச்சை நாள், உள்வைப்பின் பெயர், அதனுடன் வழங்கப்பட்ட அட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். காயத்தை நாள்தோறும் பாருங்கள். மாற்றம் தெரிந்தால் நாளைக் குறித்து வையுங்கள். முதியவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பதுண்டு. அவர்கள் நடை மாறினால் காரணம் கேளுங்கள்.

கிருமியை எதிர்க்கும் உயிரிப்பொருள்கள் வருங்காலத்தில் உங்களுக்குத் துணையாகலாம். இன்று உங்கள் உள்வைப்பைக் காக்கும் வழி, அறிகுறியை விரைவில் உணர்ந்து உரிய மருத்துவரிடம் செல்வதாகும்.

இத்தகவல் பொதுவான விழிப்புணர்வுக்கானது. உங்கள் உடல்நிலைக்கேற்ற ஆலோசனைக்கு மருத்துவரை அணுகவும்.